தாண்டிப் போன தட்டு

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நானும் நர்ஸும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு இடுப்பு வலி, எனக்கு வாய் நீளம். இரண்டும் பழைய வியாதிதான். உன் மனைவி, பாப்பா, உன் கண்ணாடிக் கடை எல்லாம் எப்படி? பாப்பா கல்லூரி இரண்டாம் வருடம் அல்லவா? நான் கடைசியாகப் பார்த்தபோது முன்பல் விழுந்து சிரிக்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இதை உட்கார்ந்துகொண்டு படி. கடையில் யாராவது இருந்தால் அனுப்பிவிட்டுப் படி.

வெண்கலம் இங்கே வந்திருக்கிறார்.

அவரேதான். நம் சபைப் போதகர். பிரசங்கம் தெருமுனை வரை கேட்கிறது என்று சின்ன வயதில் நாம் இருவரும் சேர்ந்து பேர் வைத்தோமே, அந்த வெண்கலம். போன ஞாயிறு எங்கள் கூடத்தின் படியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன், நீ மறந்திருப்பாய். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, ரப்பர் வாடைக்கு விடுமுறை கிடையாது. மடக்கு நாற்காலிகள், ஒரு மேஜை, வாசலில் ‘யாரும் வரலாம்’ என்று துணியில் தைத்து மாட்டிய எழுத்து. அவ்வளவுதான் எங்கள் கோயில்.

எங்களுக்குப் போதகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஊழியத்தை நான்கு பேர் பங்குபோட்டுக்கொள்கிறோம். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் நான், ஒரு பஸ் டிரைவர், சக்கர நாற்காலியில் வரும் கணக்கு வாத்தியார், அந்த எழுத்தைத் தைத்த தையல்காரி. தையல்காரி ஒரு திருநங்கை. அவளை மூன்று சபைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கின்றன. மாதம் ஒருவர் முறை. முறைக்காரர் பிரசங்கம் செய்வார், அப்பம் பிட்டுக் கொடுப்பார். மற்றவர்கள் அந்த மாதம் நாற்காலி போடுவது, கக்கூஸ் கழுவுவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது. எங்கோ ஒரு சபை வெளியே தள்ளியவர்கள்தான் இங்கே பாதிப் பேர். அங்கே, தள்ளினவரே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

பாட்டு நேரத்தில் அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, கழுத்தில் தழும்பு. முடிந்ததும் என்னிடம் வந்து, “நல்லா இருக்கியாம்மா?” என்றார். காற்று மட்டும்தான் வந்தது. அந்தக் குரல் போயேபோய்விட்டது, தம்பி. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இல்லை.

அன்றைக்கு நீயும் அங்கே இருந்தாய். ஊழியத்துக்குப் படித்து முடித்து, சபைக் கையெழுத்துக்காக அவரிடம் போனேன். எனக்கு ஒரு பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்று, அவரை நம்பி, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அடுத்த ஞாயிறு அதைப் பீடத்தில் நின்று அந்தக் குரலில் வாசித்தார். அதோடு விட்டாரா? திருவிருந்தில் முழங்காலிட்டிருந்தபோது அப்பத்தட்டு என்னைத் தாண்டிப் போய் அம்மாவிடம் நின்றது. அம்மா எடுத்துக்கொண்டாள்.

பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் கூடத்தில் யாருக்கும் அப்பம் மறுக்கக் கூடாது என்று ஒரே ஒரு சட்டம் உண்டு. அதனால் போன ஞாயிறு வாத்தியார் அவருக்கும் கொடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

பாப்பாவுக்கு முத்தங்கள்.
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்.

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை நடந்ததால் கடையில் மூச்சுவிட நேரமில்லை. வீட்டில் மனைவிக்கு முழங்கால் வலி. பாப்பா படிக்கிறாள், சனிக்கிழமை கடைக்கு வந்து உதவுகிறாள். முன்போல் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த வயதில் அப்படித்தான் என்கிறார்கள்.

போதகர் ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். மகன் வீடு அந்தப் பக்கம்தான். நீ அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடு. வயதானவர். பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

எப்போதும்போல் கடை விலாசத்துக்கே எழுது.

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்தேன். என் சுகத்தைக் கேட்டாய், சந்தோஷம். நர்ஸின் சுகத்தைப் பதினோரு வருடமாக நீ கேட்டதில்லை. அவள் நலம். நீ கேட்டதாகவே அவளிடம் சொல்லிவிட்டேன்.

கண்டுகொள்ளாமல் விடு என்கிறாய். அவர் விட்டால்தானே! போன ஞாயிறு நாங்கள் நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றார்.

“உங்க ஊழியத்துல எனக்கும் ஒரு பங்கு வேணும்.”

டிரைவர், “என்ன சொல்றாரு?” என்று இரண்டு தரம் கேட்டார். பஸ் சத்தத்தில் பழகிய காதுக்கு அந்தக் குரல் எட்டவில்லை.

“பிரசங்கம் என்னால முடியாது. கூட நிக்கணும், அவ்ளோதான்” என்றார் வெண்கலம்.

எங்கள் வழக்கத்தை உனக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேள். அழைப்பு இருக்கிறது என்று யாராவது வந்தால் பட்டம், சான்றிதழ் எதையும் பார்க்கமாட்டோம். மூன்று மாதம் ஒரு துணையாளோடு கீழ்வேலை எல்லாம் செய்ய வேண்டும். பிறகு ஒரு ஞாயிறு சபை முழுவதும் வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருவராக ‘எனக்குக் கேட்டது’ அல்லது ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். அந்த ஆளைக் கடவுள் கூப்பிடும் சத்தம் நம் காதிலும் விழுந்ததா என்பதுதான் கேள்வி. ஆளைப் பிடிக்கிறதா என்பது கேள்வி இல்லை. ஒரே ஒருவர் கேட்கவில்லை என்றாலும் முடியாது. ஆனால் அப்படிச் சொன்னவர் இரண்டு வாரம் கழித்து முன்னால் வந்து, அந்த ஆளின் முகத்தைப் பார்த்து, எல்லார் காதும் கேட்கக் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வார்த்தை செல்லாது.

“துணையா யார் இருக்கீங்க?” என்றார் வாத்தியார்.

நான் கையைத் தூக்கினேன். எனக்கும் அவருக்கும் நடுவே என்ன என்று அங்கே நர்ஸைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்து, “உன் மூஞ்சியில இவ்ளோ வெளிச்சம் நம்ம குடிவந்த நாள்லகூட இல்ல” என்றாள்.

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை, சபை முழுவதும், நான் நின்றுகொண்டு, அவர் கேட்டுக்கொண்டு. அவர் எனக்குச் செய்தது அப்படியே, ஒன்றும் குறையாமல் திரும்பக் கிடைக்கப் போகிறது. நான் தேடிக்கூடப் போகவில்லை.

உன் மனைவியின் முழங்காலுக்கு நர்ஸ் ஒரு தைலம் சொன்னாள், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ எழுதியதைப் படித்து மனம் சரியில்லை. துணையாள் பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாமே. ஐயா அங்கே இந்தச் சபையைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா? ஏன் வந்தேன் என்று சொன்னாரா? தெரிந்தால் எழுது. சும்மா கேட்டேன்.

அவளுக்கு முழங்கால் பரவாயில்லை. தைலம் வேண்டாம்.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்தில் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வெண்கலத்துக்குக் கக்கூஸ் கொடுத்தேன். முகம் சுளிப்பார் என்று வாசலிலேயே நின்றேன். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆசிட்டும் பிரஷ்ஷுமாக இறங்கிவிட்டார். கழுவியது என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். ஆஸ்பத்திரியில் படுத்தபடுக்கையாக இருக்கும் எங்கள் ஆட்களின் துணியைப் பிரித்துக் கட்டச் சொன்னேன். ரத்தத்துணி தனி, மற்றது தனி என்று ஒரு தரம்தான் சொன்னேன், பிசகவில்லை. நான் குறை கண்டுபிடிக்கக் குனிந்து குனிந்து பார்த்து எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது வீட்டில் இரண்டு இடுப்பு வலி.

இரண்டாவது வாரம் நாற்காலி மடித்துக்கொண்டே ஆரம்பித்தார். “அன்னைக்கு நான் உனக்குச் செஞ்சது...”

“நாற்காலியை மட்டும் பாருங்க” என்றேன்.

மன்னிப்புக் கேட்க விடமாட்டேன், தம்பி. கேட்டுவிட்டால் என் கையில் என்ன மிச்சம் இருக்கும்? தையல்காரி பாவம் பார்க்கிறாள், டிரைவர் அவருக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுக்கிறார். நான் ஒருத்தி வில்லியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

ஏன் வந்தார் என்று நீ கேட்டாயே, நானும் கேட்டேன். “நான் வெளிய அனுப்பினவங்க எங்க போய் உக்காந்தாங்களோ அங்க நானும் உக்காரணும்னு தோணுச்சு” என்றார். அங்கிருந்து ஏன் கிளம்பினீர்கள் என்றதற்கு, “அது நான் சொல்ற கதை இல்லம்மா” என்று வாயை மூடிக்கொண்டார். கர்வம் இன்னும் போகவில்லை பார்.

போன வாரம் ஒரு சம்பவம். தையல்காரியை பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் அடித்துவிட்டார்கள். உதடு கிழிந்து, ஒரு செருப்போடு கூடத்துக்கு வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போனேன், தொடாதே என்றாள். வாத்தியாரையும் போகச் சொல்லிவிட்டாள். வெண்கலம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவளுக்கு இரண்டு படி கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். பிறகு அவள், “நீங்க பெரிய ஐயாதானே, ஜெபம் பண்ணுங்க” என்றாள்.

“எனக்குக் குரல் இல்லம்மா. நீ சொல்லு, நான் ஆமென் சொல்றேன்.”

அவள் ஆரம்பித்தாள். ஜெபமா அது? அடித்தவன் கை அழுக வேண்டும் என்றாள். அவர் ஆமென் என்றார். அவன் பெற்ற பிள்ளையே அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றாள். ஆமென். வேடிக்கை பார்த்தவன் கண் அவிய வேண்டும் என்றாள். ஆமென். அவளுக்குச் சாபம் தீர்ந்து அழுகை வரும்வரை அந்தக் காற்றுக் குரலில் ஆமென் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளே கிண்ணத்தை எடுத்து முகம் கழுவினாள். எனக்கு உள்ளே பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

பாப்பாவை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்பு சுகமா? நாங்கள் சுகம்.

இந்த மாதம் என் முறை. நேற்று அவருக்கும் என் கையால்தான் அப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. முகத்தைப் பார்க்காமல் உள்ளங்கையில் போட்டுவிட்டு நகர்ந்தேன். அவர் முதன்முதலில் கூடத்துக்கு வந்த நாளிலிருந்தே எண்ணி, பதினெட்டாம் தேதியோடு மூன்று மாதம் முடிகிறது என்று வாத்தியார் கணக்கில் கொஞ்சம் தாராளம் காட்டிவிட்டார். பத்தொன்பது ஞாயிறு, அன்று வட்டம். என் வார்த்தை தயார்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். வேலை அதிகம்.

உன் இஷ்டம். ஆனால் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் நம் சபைப் பேச்சை எடுக்காதே. இங்கே காதில் விழும். நான் கமிட்டியில் இருக்கிறேன், தெரியும் அல்லவா? கடையும் சபை ஆட்களை நம்பித்தான் ஓடுகிறது. நம் வீட்டு மானத்தை நினைத்துக்கொள்.

பாப்பாவுக்குப் பரீட்சை. பிறகு எழுதுவாள்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதினால் போதாது. நேற்று ராத்திரி நான் குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று நர்ஸ் சாட்சி.

எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். அவர் நடுவே மடக்கு நாற்காலியில். வாத்தியார் ஆரம்பித்தார்: எனக்குக் கேட்டது. டிரைவர்: கேட்டது. தையல்காரி உதட்டில் இன்னும் தையல் போட்ட தழும்போடு இருக்கிறாள், ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாக, “எனக்கு நல்லாக் கேட்டுச்சு” என்றாள். இப்படியே ஒவ்வொருவராக வந்தது. நர்ஸும் கேட்டது என்றாள். வீட்டுக்குள்ளேயே துரோகம்! துணையாள்தான் கடைசி.

“எனக்குக் கேட்கவில்லை” என்றேன்.

டிரைவர் என்னை, தப்பான நிறுத்தத்தில் இறங்குகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெண்கலம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, தான் உட்கார்ந்த நாற்காலியைத் தானே மடித்து வைத்தார்.

மே மூன்றாம் தேதி காரணம் சொல்கிறேன். நம் வீட்டு மானத்தை நினைக்கச் சொன்னாய். நன்றாக நினைத்துக்கொண்டேன். அது அன்றைக்குத் தட்டோடு போனதுதான். நான் அதைத் தேடிக்கொண்டு வரப்போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கும் நர்ஸ் அத்தைக்கும்,

பாப்பா எழுதுகிறேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்களா? நர்ஸ் அத்தைக்கு இடுப்பு வலி குறைந்ததா?

உங்கள் கடிதங்களை அப்பா கடையில் லென்ஸ் பெட்டிக்கு அடியில் வைப்பார். சனிக்கிழமைகளில் எடுத்துப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடுவேன். போன சனிக்கிழமை வந்ததையும் படித்தேன். அதனால்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய ஐயா ஓய்வு பெறவில்லை. அவரைப் போகச் சொன்னார்கள். அதற்குக் காரணம் நான்.

எங்கள் பாட்டுக்குழுவில் ஒரு பெண்ணை எனக்குப் பிடிக்கும். நீங்களும் நர்ஸ் அத்தையும் மாதிரி. போன வருடம் அதை முதலில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா, “யார்கிட்டயும் சொல்லாத” என்று மட்டும் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. பெரிய ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அழுதார். உங்களைப் பற்றி எனக்குச் சொன்னதே அவர்தான்.

பிறகு எப்படியோ கசிந்தது. பாட்டுக்குழுவில் ‘அப்படி’ ஒரு பெண் இருக்கிறாள், ஐயாவுக்குத் தெரியும் என்று. யார் என்று கமிட்டிக்குத் தெரியாது. பாட்டு அறைக்கும் கமிட்டி அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் இந்தப் பக்கம் பாட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். “முன்ன ஒரு தரம் செஞ்சீங்களே, அதே மாதிரி பீடத்துல பேரை வாசிங்க” என்று தலைவர் சொன்னார். ஐயா, “வாசிச்ச தொண்டையை டாக்டர் எடுத்துட்டாரு. இருந்திருந்தாலும் வாசிக்கமாட்டேன்” என்றார். அப்படியானால் நீங்கள் வேண்டாம் என்று கை தூக்கச் சொன்னார்கள். தலைவர் எண்ணிவிட்டு, “ஏகமனதாக” என்றார்.

அப்பா உள்ளே இருந்தார் அத்தை. அது நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

வெளியே வந்து என்னைப் பார்த்தார். “சாப்பிட்டியா?” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரோடு பேச வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்குத்தான் அந்தப் பயத்தோடு ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை.

உங்கள் வட்டத்தில் நான் இல்லை. என் வார்த்தை செல்லாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கேட்டது.

பரீட்சை அடுத்த வாரம் செவ்வாயோடு முடிகிறது. நான் அங்கே வரலாமா?

உங்கள்
பாப்பா


மே 8

தம்பிக்கு,

உன் சுகத்தை இந்த முறை விசாரிக்கவில்லை.

பாப்பா இங்கே இருக்கிறாள். புதன்கிழமை நர்ஸ் பஸ் நிலையம் போய் அழைத்துவந்தாள். கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன், “உன்னை மாதிரியே முறைச்சுக்கிட்டு நின்னா” என்றாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். படிப்பை இங்கே மாற்றிக்கொள்ள வாத்தியார் அலைகிறார். நீ கவலைப்படுவாயோ என்று இதை எழுதவில்லை. அவள் அம்மா படிப்பாள் என்று எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் உன் வீட்டு விலாசத்துக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நான் போனபோது அவர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

“பாப்பா எழுதியிருக்கா” என்றேன்.

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். “நல்லா இருக்காளா?”

“எங்கிட்ட ஏன் சொல்லல? மூணு மாசம் உங்களைப் போட்டுக் கசக்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்.”

“ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதை ஒரு தரம் வித்துட்டேன். இன்னொரு பிள்ளை சொன்னதையும் வித்து உங்கிட்ட நல்ல பேர் வாங்கவா?” என்றார். அவ்வளவு பேசியதில் மூச்சு வாங்கியது. பிறகு, “நீ சொல்ல வந்ததைச் சொல்லும்மா. குறைக்காத” என்றார்.

குறைக்கவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு பேசியது, பீடத்தில் வாசித்தது, தட்டு தாண்டியது, அம்மா எடுத்தது. பதினோரு வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியது, ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இனிப்பாக இருந்தது, தம்பி. பொய் சொல்லமாட்டேன், ரொம்ப இனிப்பாக இருந்தது. தையல்காரி அவரைப் பார்த்த பார்வை மாறியதையும் பார்த்து ரசித்தேன். பாப்பா விஷயத்தைச் சொல்லி அவரைக் காப்பாற்ற எனக்கும் உரிமை இல்லை. அவரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

“உண்மை” என்றார். “ஒண்ணு விட்டுட்ட. அன்னைக்கு வீட்டுக்குப் போய் நான் நல்லாச் சாப்பிட்டேன். நல்லாத் தூங்கினேன். அதையும் சேத்துக்கோ.”

உட்கார்ந்திருக்கலாம். காரணம் சொல்லியாகிவிட்டது, வழக்கப்படி அவர் கதை முடிந்தது. ஆனால் கேள்வி, அவர் எனக்கு என்ன செய்தார் என்பது இல்லையே. படியில் உட்கார்ந்து அந்தச் சாபத்துக்கெல்லாம் அவர் ஆமென் சொன்னபோது எனக்குக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டுதான் பாத்திரம் கழுவ ஓடினேன். அதையும் சொன்னேன். “காரணம் உண்மை. கேட்கவில்லை என்றது பொய்” என்றேன்.

அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வட்டத்தில் பொய் சொன்னதற்கு வருடம் முடியும்வரை எனக்கு முறை கிடையாது, கக்கூஸ் என்னுடையது. அவர் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறார். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழைப்பு வேறு, மன்னிப்பு வேறு.

இனி உன் கதை.

அன்றைக்கு அம்மா அப்பம் எடுத்தாள் என்று எத்தனையோ தரம் உனக்கு எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு அடுத்தபடி முழங்காலிட்டிருந்தது நீ. தட்டு உன்னிடம் வந்தது. நீயும் எடுத்தாய். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாய். இதை நான் ஒருநாளும் எழுதியதில்லை. எனக்கென்று ஒரு விலாசமாவது மிஞ்சட்டும் என்று எழுதாமல் விட்டேன். பிள்ளை பெற்றவனானாலும் எனக்கு நீ சின்னப் பையன்தான், பயந்துவிட்டாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வருடமும் நீ சின்னப் பையனா? உன் பிள்ளைக்காக ஒரு மனிதர் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார், நீ அவருக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறாய். அதோடு விட்டாயா? அவர் ஓய்வு பெற்றார் என்று எனக்கு எழுதினாய். நான் அவரை என்ன செய்யப் போகிறேன் என்று கடிதம் கடிதமாகச் சொன்னேன். தடுக்க ஒரு வரி போதும். கடை விலாசத்துக்கே எழுது என்றாய்.

நீ செய்ததை எல்லாம் எழுதி உன் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. பாப்பா வேண்டாம் என்றாள். அவள் போட்ட பிச்சை, வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பா சுகமா? அவளுக்குத் தூசி சேராது. படுக்கும் அறையில் ஜன்னல் திரையை அடிக்கடி துவைக்க வேண்டும். பால் ஆறினால் குடிக்கமாட்டாள்.

வீட்டில் பாப்பாவின் அம்மா என்னோடு பேசுவதில்லை. சமைத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டேன். உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதிக் கொடுத்தேன்.

நீ எழுதியதற்கு எல்லாம் பதில் எழுத நான்கு தரம் உட்கார்ந்தேன். வரவில்லை.

வருகிற ஞாயிறு அங்கே வரலாம் என்று நினைக்கிறேன். பாப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டாவது வருகிறேன். அன்று திருவிருந்து உண்டா? எனக்குக் கொடுப்பார்களா?

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

வா. டயர் கடைக்குப் பக்கவாட்டில் படி, கைப்பிடி கிடையாது, பார்த்து ஏறு. பாப்பா உன்னோடு பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டுச் சொல்லவும் மாட்டேன்.

அப்பம் உண்டு. பிரசங்கம் வாத்தியார்தான், ஆனால் இந்த மாதம் முறை வெண்கலத்துடையது. உனக்கும் கொடுப்பார். என் முறையாக இருந்திருந்தால், எங்களுக்கு இருக்கும் அந்த ஒரே சட்டத்தையும் உடைத்துக்கொண்டு நான் உன்னைத் தாண்டிப் போயிருப்பேன்.

அக்கா